நாம் என்று அச்சிடுங்கள்

தெல்தோட்டை
1932 ஒக்தோபர் 9

அன்புமிக்க அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். மச்சாளின் முழங்கால் நோவு எப்படி? மகள் லீலாவுக்கு இருமல் விட்டதா? இங்கே மழை விடாமல் பெய்கிறது, கொடியில் போட்ட உடுப்பு காய்வதில்லை. அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண்டிச் சபையின் காரியதரிசி என்ற முறையில் நீங்கள் என்னை இங்கே அனுப்பும்போது, "தோட்டத்துப் பொம்பிளையளுக்கு விசுவாசத்தின்ரை அடிப்படையைச் சொல்லிக் குடுத்தாக் காணும், பிள்ளை. பெரிய வியாக்கியானம் ஒண்டும் வேண்டாம்" என்றீர்கள். அந்த அடிப்படைதான் பெரிய வில்லங்கம் என்று வந்த கையோடு கண்டுகொண்டேன்.

வகுப்பு பிள்ளைக் காம்பராவில் நடக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. மாலையில் தொட்டில் சேலைகளை மேலே முடிந்துவிட்டு நாங்கள் பாடம் படிக்கிறோம். முதற் பாடம், கடவுள் தகப்பன் என்பது. நான் வாய் நிறைய, "நாங்கள் எல்லாரும் அவருடைய பிள்ளைகள்" என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. இன்னும் உரத்துச் சொன்னேன். முன்னால் இருந்த அழகம்மா, என்னைவிட வயதில் மூத்தவள், மரியாதையாகக் கேட்டாள்: "சரிங்க டீச்சரம்மா. நீங்கள்லாம் சாமி புள்ளைங்க. அப்ப நாங்க யாரு புள்ளைங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் எண்டா எல்லாரும்தான்!" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அழகம்மாவே, "அப்ப 'நாம'ன்னு சொல்லுங்கம்மா. 'நாங்க'ன்னா நீங்க தனி, நாங்க தனில்ல?" என்றாள்.

அண்ணா, யாழ்ப்பாணத்தில் பக்கத்தில் நிற்பவரைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் "நாங்கள் போவம்" என்றுதானே சொல்லுவோம்? இங்கே அந்தச் சொல் கேட்பவரை வெளியே நிறுத்துகிறது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைச் சாத்தியிருக்கிறேன்! வீட்டுக்கு வந்து தனியே இருந்து சிரித்தேன்.

ஆகவே ஒரு தயவு. சபைச் செலவில் அச்சிடக் கேட்டிருந்த 'அடிப்படைப் பாடங்கள்' கைப்பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். எல்லா இடத்திலும் 'நாங்கள்' என்பதை வெட்டி 'நாம்' என்று எழுதியிருக்கிறேன். அப்படியே அச்சாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
கிறேஸ் கமலாசனி


கண்டி
1932 ஒக்தோபர் 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து யாவரும் மகிழ்ந்தோம். லீலாவின் இருமல் சுகம். உன் மச்சாள் எண்ணெய் பூசிக்கொண்டு ஒருவாறு நடமாடுகிறாள். நீ ஈர உடுப்பைப் போடாதே. மலைக் குளிர் பொல்லாதது.

'நாங்கள்' கதையைப் போதகர் ஐயாவுக்கும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். உன் கைப்பிரதியைக் கமிட்டியில் வைத்திருக்கிறேன். அவர்கள் பார்த்தபின் அச்சுக்குப் போகும்.

ஒரு நல்ல செய்தி. லீலாவுக்கு மானிப்பாயிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது. பையன் நவரட்ணராஜா இங்கே அரசாங்கக் கச்சேரியில் லிகிதர். தகப்பன் அங்கே தங்கள் சபையில் மூப்பர். நல்ல ஒழுங்கான ஆட்கள். சாதகம் பார்க்காத குடும்பம், ஆனால் மற்ற எல்லாம் பார்ப்பார்கள். நீயும் செபத்தில் நினைத்துக்கொள்.

அன்புடன் அண்ணன்,
சா. விமலநாதன்


தெல்தோட்டை
1932 டிசம்பர் 11

அன்புமிக்க அண்ணாவுக்கு,

உங்கள் யாவரையும் ஆண்டவர் சுகத்தோடு காப்பாராக. நான் நலம். லீலாவின் காரியம் கேட்டுச் சந்தோஷம். பையன் எப்படியானவன் என்று லீலாவிடம் கேட்டீர்களா, அல்லது அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா?

என் வகுப்பு வளர்கிறது. வேலை முடிந்து கூடையை இறக்கியதும் கால் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆசையில்லை. ஒவ்வொரு வசனத்தையும் உடைத்து, இது உன் வீட்டில் என்ன செய்யும் என்று கேட்கிறேன். மன்னிப்புப் பாடம் முடிந்த மறுநாள் ஒருத்தி, தன் கோழியைத் திருடினவளோடு பேசிவிட்டதாக வந்து சொன்னாள். "ஆனா கோழியத் தரலம்மா" என்றாள்.

அழகம்மாவைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். அவள் கணவனை இழந்தவள். லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் அவளுடைய சொந்த அக்கா பாலம்மா இருக்கிறாள். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். இந்த முறை மாரியம்மன் தீமிதிக்கு வரமாட்டேன், நான் வேதத்தில் சேரப் போகிறேன் என்று அழகம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கே பாலம்மா அவளுடைய சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். இப்போது தண்ணீர்ப் பீலியில் மற்றவர்கள் குடம் நிரப்பி முடியும்வரை அவள் ஒதுங்கி நிற்க வேண்டும். அக்கா நேரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன். "பயமில்லம்மா. தனியா உக்காந்து சாப்பிட்டுப் பழக்கமில்ல, அதான்" என்றாள்.

நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அண்ணா. ஞானஸ்நானம் பெற்றதும் நீ ஒரு பெரிய குடும்பத்தில் சேருவாய். கண்டிக் கோயிலில் எல்லாரும் ஒரே மேசையில் இராப்போஜனம் எடுப்போம், ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்போம். அங்கே நீ தனியாக இருக்க மாட்டாய் என்று சொன்னேன். இது நான் கட்டிச் சொன்ன கதையில்லை. எங்கள் விசுவாசத்தின் அடிப்படையே அதுதான்.

ஜனவரி முதல் வாரம் போதகர் ஐயா இங்கே வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். பாடப் புத்தகத்தைக் காணோமே?

தங்கை,
கமலாசனி


கண்டி
1933 ஜனவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

புது வருஷ ஆசீர்வாதங்கள். இங்கே யாவரும் சுகம். நத்தார்ப் பண்டிகைக்கு நீ வராதது மச்சாளுக்குக் குறைதான். உனக்கென்று வைத்த கேக்கைப் புத்தகங்களோடு சேர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். புத்தகம் நல்ல நேர்த்தியாக வந்திருக்கிறது.

ஞானஸ்நான ஆராதனை நன்றாக நடந்ததென்று போதகர் ஐயா வந்து சொன்னார். சபையாருக்கு மிகுந்த திருப்தி. வருடாந்த அறிக்கையில் சேர்த்திருக்கிறோம்.

உயிர்த்த ஞாயிறுக்கு அவர்களைக் கண்டிக்குக் கூட்டிவருவதாக நீ சொன்னாயாம். யோசித்துப் பார். குளிருக்குள் அத்தனை தூரம் லொறியில் வந்து போவது அந்தச் சனங்களுக்குச் சிரமம். போதகர் ஐயாவே பிறகொரு நாள் அங்கே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து இராப்போஜனம் கொடுத்தால் என்ன? அவர்களுக்கும் அதுதான் பழகின இடம். அலைச்சலில்லை.

லீலாவின் காரியம் நல்ல வழியில் போகிறது.

அண்ணன்,
விமலநாதன்


தெல்தோட்டை
1933 ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். கேக் வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தேன். மச்சாளின் கைப்பக்குவத்துக்கு மலைநாட்டில் இப்போது நல்ல பெயர்.

புத்தகமும் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன். 'நாம் எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்' என்று நான் எழுதியதை 'நாங்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். 'நாம் ஒரே சரீரம்' என்பதும் 'நாங்கள்'. 'நாம் ஒரே மேசைக்கு வருகிறோம்' என்பதும் 'நாங்கள்'. புத்தகம் முழுக்க இப்படியே மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. எந்த இடம் தெரியுமா? 'நாம் எல்லாரும் பாவிகள்' என்ற பாடம்! அங்கே நான் எழுதிய 'நாம்' ஒரு கீறல் படாமல் அப்படியே இருக்கிறது. உங்கள் அச்சுக்கோப்பவர் வேதசாஸ்திரம் படித்தவரா?

ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பேனையால் வெட்டித் திருத்திக்கொண்டிருக்கிறேன். விரல் நோகிறது. அச்சகத்தாரை நன்றாக நாலு கேள்வி கேளுங்கள்.

உயிர்த்த ஞாயிறைப் பற்றி: குளிரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விடிய முன் பனிக்குள் மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் லொறியில் உட்கார்ந்து வந்தால் கரைந்து போய்விட மாட்டார்கள். இந்த ஊர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஜவாஹிர் நானா தன்னுடைய லொறியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். "கோயிலுக்குப் போற பயணத்துக்கு நான் என்ன காசு கேக்கிற, நோனா?" என்றார். ஞானஸ்நானத்தன்று போதகர் ஐயாவும் எல்லாருக்கும் முன்னால், "கண்டியில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அழகம்மா அன்று முதல் ஒரு வெள்ளைச் சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறாள்.

தங்கை,
கமலாசனி


கண்டி
1933 பெப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் சுணங்கிவிட்டது. அலுவலகத்தில் வேலை அதிகம். மச்சாளுக்கு மறுபடி முழங்கால். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

அச்சகத்தாரில் குற்றமில்லை. கமிட்டியார் கைப்பிரதியைப் படித்து அபிப்பிராயம் சொன்னார்கள். 'நாம்' என்று எழுதினால் கண்டிச் சபையையும் தோட்டத்தையும் ஒரே மூச்சில் சொன்னதாகும், அது இப்போதைக்கு அவசரம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எல்லாம் காலத்தோடு வரும். பாவிகள் பாடத்தில் ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் இடமில்லாமல் நெருக்கமாயிருக்கும். நவரட்ணராஜாவின் தாய் தகப்பனும் அந்தப் பெருநாளுக்கு மானிப்பாயிலிருந்து வருகிறார்கள். அன்றைக்குத்தான் எங்கள் குடும்பத்தை நேரில் பார்ப்பார்கள். வேறொரு ஞாயிறு வைத்துக்கொள்ளலாமே. நீ விளங்கிக்கொள்வாய். உனக்கு நான் விரித்து எழுத வேண்டியதில்லை.

அண்ணன்,
விமலநாதன்


தெல்தோட்டை
1933 மார்ச் 3

அண்ணா,

நான் சுகம்.

விரித்து எழுத வேண்டியதில்லை என்கிறீர்கள். அப்படியானால் நான் விரித்து எழுதுகிறேன். சாதி. இந்த ஒரு சொல்லை உங்கள் கடிதங்களில் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. குளிர் இருக்கிறது, அலைச்சல் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, இடநெருக்கம் இருக்கிறது, காலத்தோடு வரும் என்பதும் இருக்கிறது. சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதற்கு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள்!

முதல் நாள் அழகம்மா "நாங்க யாரு புள்ளைங்க?" என்று கேட்டாளே, நான் அதை ஒரு பகிடியாக உங்களுக்கு எழுதினேன். போதகர் ஐயாவும் விழுந்து சிரித்தார். அவள் சொல்லைப் பிழையாக விளங்கினாள் என்று நினைத்து அவளுக்கு நான் விளக்கம் கொடுத்தேன். இப்போது தெரிகிறது, அவள் எங்களை மிகச் சரியாகத்தான் விளங்கியிருக்கிறாள். பாவத்துக்கு மட்டும் 'நாம்', பந்திக்கு 'நாங்கள்'. இதைக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு, சபைச் செலவில் அச்சும் அடித்திருக்கிறது.

அண்ணா, இதை விசுவாசிகளை வளர்க்கும் பாடம் என்றுதானே அச்சடித்தீர்கள். யாரை வளர்க்க? ஞானப்பால் குடிக்க வந்தவர்கள் அவர்களா, கண்டிச் சபையின் மூப்பர்களா? என் வகுப்பில் ஒருத்தி திருட்டுக்கோழியை மன்னித்திருக்கிறாள். உங்கள் கமிட்டியில் ஒருவரும் ஒரு சொல்லை மன்னிக்கவில்லை.

அழகம்மாவின் சட்டியை அக்காக்காரி வெளியே வைத்தாள். அவள் படியாதவள், தன் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று உண்மையாகப் பயந்தவள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்? மானிப்பாயில் இருந்து வரும் மனுஷிக்கு!

உயிர்த்த ஞாயிறன்று நாம் வருகிறோம். போதகர் ஐயாவுக்கும் எழுதிவிட்டேன். அவர் ஞானஸ்நானம் கொடுத்த சனங்களுக்கு இராப்போஜனத்தை மறுக்கப் போகிறாரா என்று நேராகக் கேட்டிருக்கிறேன். லீலா என் பிள்ளையைப் போன்றவள், அவள் வாழ்வு கெடவேண்டும் என்று நான் நினைப்பேனா? ஒரு கிண்ணத்தால் உடைகிற கலியாணம் என்ன கலியாணம் என்று மட்டும் கேட்கிறேன்.

கமலாசனி


கண்டி
1933 ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

யாவரும் சுகம். உன் சுகமறிய ஆவல்.

போதகர் ஐயாவுடன் பேசியாயிற்று. உன் ஆட்களைக் கூட்டி வா. அவர்களுக்கும் அன்றைக்கே இராப்போஜனம் கொடுக்கப்படும். எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று, நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

ஆராதனை முடிந்தபின் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ.

அண்ணன்,
விமலநாதன்


தெல்தோட்டை
1933 ஏப்ரல் 18

அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

'எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று' என்று நீங்கள் எழுதியதை வாசித்து நான் அழுதேன் தெரியுமா? என் அண்ணர் எனக்காகக் கமிட்டியோடு நின்று வாதாடியிருக்கிறார் என்று அழகம்மாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். நான் ஒரு மடைச்சி! ஒழுங்கு என்ற சொல் உங்கள் வாயில் என்ன பொருள் என்று அதற்குள் எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

லொறியில் வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தார்கள். அழகம்மா அந்த வெள்ளைச் சேலையில் கொழுந்துக் கறை ஏதும் ஒட்டிவிடக் கூடாதென்று உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். கோயிலுக்குள் எங்களுக்குப் பின்பக்கம் பாய் விரித்திருந்தீர்கள். உட்காரும் வாங்குகள் நிரம்பிவிட்டனவாம். முன்னால் வெறுமையாக இருந்த வாங்கைப் பார்த்தேன். நானும் பாயில் இருந்தேன்.

பந்தி நேரம் வந்தது. பட்டணத்தார் எழும்பிப் போனார்கள். வெள்ளிக் கிண்ணம் கை மாறி மாறிப் போவதை அழகம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்தது நாமளாம்மா?" என்றாள். நானும் ஓம் என்றேன். ஆனால் போதகர் ஐயா கடைசி ஆசீர்வாதத்தைச் சொல்லிச் சபையை அனுப்பிவிட்டார்! சனம் எழும்பி வெளியே போகத் தொடங்கியபின், தோட்டத்து ஆட்கள் முன்னுக்கு வரலாம் என்று சொன்னார். நீங்கள் வெள்ளிக் கிண்ணத்தைத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். பிறகு ஒரு கண்ணாடிக் கிளாசை எடுத்து மேசையில் வைத்தீர்கள். கடையில் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிற கிளாஸ்.

நான் அவர்களோடு போய் அழகம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். நீங்கள் கிளாசை ஏந்திக்கொண்டு வரிசையில் வந்தீர்கள். அவள் குடித்தாள். எனக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டீர்கள். குனிந்து காதோடு, "நீ எழும்பு, பிள்ளை. உனக்கு மற்றதை எடுத்துத் தாறன்" என்றீர்கள். மற்றது! "வேண்டாம் அண்ணை. இதையே தாங்கோ" என்றேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த மானிப்பாய் அம்மாவை நீங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். குடித்தேன்.

அதற்குப் பிறகும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொல்லியிருந்தீர்கள் அல்லவா? உள்ளே மாப்பிள்ளை பகுதியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் என்னைக் குசினிப் பக்கத்து விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினாள். "களைச்சுப் போனியள், தேத்தண்ணி குடியுங்கோ" என்று கொண்டுவந்து தந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே தந்தாள். எப்போதும் எனக்குத் தருகிற பித்தளை மூக்குப்பேணியைக் காணவில்லை. தந்தது தகரப்பேணி. தோட்டம் கொத்த வருகிறவனுக்காகப் பின்கதவோரம் தொங்கவிட்டிருக்கும் பேணி.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். ஒரு வாய் திராட்சரசத்தில் எனக்குச் சாதி மாறிவிட்டதா, அண்ணா? இவ்வளவு கெதியாக வேலை செய்கிற சடங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. தேத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் சொல்லாமல் எழும்பி வந்தேன். நீங்கள் முன்பக்கத்தில் இருந்தீர்கள், என் சத்தம் கேட்டும் வரவில்லை.

திரும்பிவரும்போது லொறியில் ஒருவரும் பாடவில்லை. அழகம்மா மட்டும் சொன்னாள்: "எங்க அக்கா சட்டியத்தான் வெளிய வச்சுச்சு. இங்கயும் இதே பொழப்புன்னா நான் அங்கயே இருந்திருப்பேனேம்மா. அவ எனக்குக் கூடப் பொறந்தவ." அவளுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று கமிட்டியைக் கேட்டு எழுதுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லை.

கமலாசனி


கண்டி
1933 ஜூலை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீண்ட நாளாகக் கடிதம் எழுத வாய்க்கவில்லை. ஆண்டவர் கிருபையால் இங்கே யாவரும் சுகம். மச்சாளுக்கு முழங்கால் இப்போது குறைவு. லீலா சுகம். நீயும் அவ்விதமே இருப்பாய் என்று நம்புகிறேன்.

லீலாவுக்கும் நவரட்ணராஜாவுக்கும் விவாகம் ஆவணி மாதம் இங்கே நம் கோயிலில் நடக்கவிருக்கிறது. இடையில் சில கதைகள் எழும்பி, பேச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்து, பெரிய பாடுபட்டு ஒப்பேற்றியிருக்கிறோம்.

அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. ஆனாலும் மழைக் குளிரில் நீ மலை இறங்கி அலைவது உனக்கு நல்லதல்ல. மாப்பிள்ளை பகுதியார் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். உனக்கு வருத்தம், பிரயாணம் செய்ய இயலாது என்று சொல்லியிருக்கிறேன். அதையே வைத்துக்கொள்வோம். உன் வேலையைப் பற்றிக் கமிட்டியில் பேச்சு வந்தது. நான் ஒருவாறு சமாளித்து வைத்திருக்கிறேன்.

நடந்தவற்றை மனத்தில் வைக்காதே.

அண்ணன்,
விமலநாதன்


தெல்தோட்டை
1933 ஜூலை 13

அண்ணா,

லீலாவுக்கு என் ஆசீர்வாதம். அவளுக்கென்று எடுத்து வைத்த சேலையை ஜவாஹிர் நானா கண்டிக்கு வரும்போது கொடுத்து அனுப்புவேன். அதை அவளே உடுக்கட்டும், மடித்து அலுமாரியில் பூட்டிவிடாதேயுங்கள்.

என் வேலையை நீங்கள் சமாளிக்கத் தேவையில்லை. கமிட்டியார் நிறுத்தினால் நிறுத்தட்டும். பாடத்தை நிறுத்த அவர்களால் முடியாது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு சிலர் வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமுமில்லை. அழகம்மா ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து வாசலில் நின்றபடி, "சாமிய நான் விடலம்மா. ஆனா உங்க ஆளுக கோயிலுக்கு இனிமே வர மாட்டேன்" என்றாள். "நானும் வரமாட்டன்" என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக் கிண்ணம் எல்லாருக்கும் ஒன்றாகத் திறக்கும்வரை நான் அந்தக் கோயிலில் பந்திக்கு வருவதில்லை என்று போதகர் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் பதில் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதில் கண்டிச் சபை முழுக்க நல்ல தேர்ச்சி.

இந்தக் கிழமை எங்களுக்குப் பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சிப் பாடம். வீட்டில் நடக்கிற ஒரு உதாரணம் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான்.

அழகம்மா பக்கத்தில்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதியிருக்காரு ஐயா?" என்று கேட்டாள். "கலியாணத்துக்கு என்னை வரவேண்டாமாம். எனக்கு வருத்தம் எண்டு மாப்பிள்ளை வீட்டிலை சொல்லியிருக்கிறாராம்" என்றேன்.

உங்களுக்குத் தெரியுமே, எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய், இங்கே நோயல்ல. நோய்க்கு இவர்கள் சொகமில்ல என்பார்கள். வருத்தம் என்றால் மனத்தில் உள்ளதுதான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்காதா பின்ன?" என்றாள்.

ஆகவே நீங்கள் சொன்னது இந்தத் தோட்டத்துத் தமிழில் பொய்யல்ல. அவர்களிடம் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் மாப்பிள்ளை பகுதியார் திரும்பவும் கேட்டால், காய்ச்சலா, நெஞ்சு நோவா என்று கேட்டால், அந்த இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள்.

உடம்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்கும்
உங்கள் தங்கை,
கமலாசனி